வாசலில் நிற்கும் வேட்பாளரிடம் என்ன கேட்பது?

மார்ச் மாதக் குளிரில் வீடு வீடாகப் போய், ஒரு வேட்பாளருக்காகக் கையெழுத்து வாங்கியதைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்துக்கான பிரைமரி தேர்தல் ஜூன் மாதம் நான்காம் செவ்வாய்க்கிழமை நடக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். சமையல் கேள்விகளும் விசா கேள்விகளும் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே கட்சிக்காரர்கள் மூன்று பேர் எதிரெதிரே நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கட்சி பிளந்துவிட்டதா? தலைமை எப்படி இதை அனுமதிக்கிறது?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பிளவெல்லாம் இல்லை. நம் ஊரில் சீட் யாருக்கு என்பதைக் கட்சித் தலைமை நேர்காணல் வைத்து முடிவு செய்யும். இங்கே அந்த முடிவைக் கட்சியில் பெயர் பதிந்த சாதாரண வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு எடுக்கிறார்கள். அதுதான் பிரைமரி. அதில் ஜெயித்தவர் நவம்பரில் மற்ற கட்சி வேட்பாளரைச் சந்திப்பார்.

நியூயார்க் சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள். அசெம்பிளியில் 150 இடம், செனட்டில் 63. இரண்டிலுமே பதவிக்காலம் இரண்டே வருடம். பிரைமரியில் பெயர் வர வேண்டுமானால் அசெம்பிளிக்கு 500 கையெழுத்து, செனட்டுக்கு 1,000. கையெழுத்துப் போடுபவர் அந்தக் கட்சியில் பதிந்தவராகவும் அந்தத் தொகுதியில் குடியிருப்பவராகவும் இருக்க வேண்டும். ஒரு பதவிக்கு ஒருவருக்கு மட்டும்தான் கையெழுத்துப் போடலாம். அதனால் எந்த வேட்பாளரும் தேவைக்கு மேல் நிறையவே வாங்கி வைப்பார். எதிராளி ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார் என்று அவருக்குத் தெரியும். உள்ளூர்க் கட்சி நிர்வாகம் தனக்குப் பிடித்தவரை ஆதரிக்கலாம். ஆனால் இன்னொருவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து நின்றால் தடுக்க முடியாது.

நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் பெரும்பாலான தொகுதிகளில் நவம்பர் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். டெமாக்ரடிக் கட்சி வேட்பாளர் ஜெயிப்பார். ஆகவே உண்மையான போட்டி ஜூனில் முடிந்துவிடுகிறது. இது தெரியாமல் நவம்பரில் மட்டும் ஓட்டுப் போடும் நம்மவர்கள் ஏராளம். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். அதைக் கீழே சொல்கிறேன்.

வீட்டுக்கு வரும் நோட்டீஸ்களைப் படித்தால் எல்லா வேட்பாளரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். வாடகை, பள்ளி, மருத்துவம். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?
– ஒரு வாசகி, குயின்ஸ்

என் சமையலறை மேசையிலும் இப்போது ஆறு நோட்டீஸ்கள் கிடக்கின்றன. ஆறிலும் ‘நல்ல பள்ளிகள்’, ‘பாதுகாப்பான தெருக்கள்’, ‘கட்டுப்படியாகும் வாடகை’. இவற்றை யார் வேண்டாம் என்று சொல்வார்கள்? எதிர்த்துப் பேச ஆளே இல்லாத ஒன்றை நான் நிலைப்பாடு என்று கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பிரைமரியில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். ஒரே கட்சி என்பதால் கட்சிப் பெயரை வைத்தும் பிரித்துப் பார்க்க முடியாது.

வேட்பாளரோ அவருடைய ஆட்களோ வாசலில் வந்து நின்றால் முதலில் மசோதா எண்ணைக் கேட்பேன். மாநிலத் தலைநகர் ஆல்பனியில் தாக்கலாகும் ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு எண் உண்டு. அசெம்பிளி மசோதா ‘ஏ’ என்று தொடங்கும், செனட் மசோதா ‘எஸ்’ என்று தொடங்கும். ‘வாடகைதாரர் பக்கம் நிற்பேன்’ என்கிறீர்களா? சரி, எந்த மசோதாவில் இணை முன்மொழிபவராகப் பெயர் போடுவீர்கள்? ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால் போட்டாரா இல்லையா என்பதைச் சட்டமன்ற இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். புதியவர் என்றால் அந்த எண் அவருக்குத் தெரிந்திருக்கிறதா என்பதே ஒரு செய்தி. சென்ற தேர்தலில் ஒரு இளைஞர் ‘தெரியவில்லை ஆன்ட்டி, பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று சொல்லி, மூன்றாம் நாள் மறுபடி வந்து மணி அடித்து எண்ணைச் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை நான் அவரிடம் கேட்பதில்லை. நானே பார்த்துக்கொள்வேன். மாநிலத் தேர்தல் வாரியத்தின் தளத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் இருக்கிறது. கட்டட நிறுவனங்களிடம் பெரிய தொகை வாங்கிக்கொண்டு வாடகையைப் பற்றிப் பேசுபவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி கூடுகிறது.

நம்மில் யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. ‘ஆல்பனிக்குப் போனதும் அவைத் தலைவராக யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள்?’ என்பது. இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு நிஜக் கதை சொல்ல வேண்டும்.

2011இல் ஜெஃப் க்ளைன் தலைமையில் நான்கு டெமாக்ரடிக் செனட்டர்கள் தனிக் குழுவாகப் பிரிந்தார்கள். இன்டிபெண்டன்ட் டெமாக்ரடிக் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக ஐ.டி.சி. என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 2012 தேர்தலுக்குப் பிறகு ரிபப்ளிகன் கட்சியுடன் சேர்ந்து செனட் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். பிற்பாடு அந்தக் குழு எட்டுப் பேராக வளர்ந்தது. அவர்களுடைய நோட்டீஸ்களை எடுத்துப் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. குடியேறிகளுக்கு ஆதரவு, பெண்கள் உரிமைக்கு ஆதரவு, வாடகைதாரருக்கு ஆதரவு. பல மசோதாக்களில் பெயரும் போட்டிருந்தார்கள். ஆனால் எந்த மசோதா அவைக்கு வரும், எது வராது என்பதை முடிவு செய்யும் சாவியை மற்ற கட்சியின் கையில் கொடுத்திருந்தார்கள். கருக்கலைப்பு உரிமையை மாநிலச் சட்டத்தில் உறுதி செய்யும் மசோதா, ஆவணங்கள் இல்லாத மாணவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை தரும் மசோதா இரண்டுமே அந்த வருடங்களில் செனட்டைத் தாண்டவில்லை.

2018 ஏப்ரலில் அந்தக் குழுவைக் கலைத்துவிட்டுத் தாய்க் கட்சிக்கே திரும்பினார்கள். ஆனால் வாக்காளர்கள் மறக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 13, வியாழக்கிழமை நடந்த பிரைமரியில் (மாநிலப் பிரைமரி அப்போது செப்டம்பரில்தான்) எட்டுப் பேரில் ஆறு பேர் தோற்றார்கள். க்ளைனே தோற்றார். அவரைத் தோற்கடித்த அலெஸாண்ட்ரா பியாஜி முதல் முறையாகத் தேர்தலில் நின்றவர். க்ளைன் செலவழித்ததில் ஒரு சிறு பங்குதான் அவரிடம் இருந்தது. கிழக்குக் குயின்ஸில் டோனி அவெல்லாவை, நகரத்தின் முன்னாள் கம்ப்ட்ரோலர் (நிதிக் கணக்குகளைக் கவனிக்கும் அதிகாரி) ஜான் லூ தோற்கடித்தார்.

அடுத்த ஜனவரியில் ஆண்ட்ரியா ஸ்டூவர்ட் கசின்ஸ் செனட் பெரும்பான்மைத் தலைவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 2019 ஜனவரி 22 அன்று கருக்கலைப்பு உரிமைச் சட்டம். அதே மாதம் ஒன்பது நாள் முன்கூட்டி வாக்களிக்கும் வசதி. ஜூன் 14இல் வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம். மூன்று நாள் கழித்து, குடியேற்ற நிலையைக் கேட்காமல் ஓட்டுநர் உரிமம் தரும் சட்டம். ஜூலையில், 2040க்குள் கரியமில வாயு உமிழாத மின்சாரம் என்று இலக்கு வைக்கும் பருவநிலைச் சட்டம். இவற்றில் சிலவற்றை நீங்கள் எதிர்க்கலாம். என் நெருங்கிய தோழி ஒருத்தி முதல் சட்டத்தை மனசாட்சிப்படி எதிர்க்கிறாள், அவளிடம் எனக்கு மரியாதை குறையவில்லை. நான் சொல்ல வருவது, இத்தனையும் நவம்பரில் முடிவானவை என்று நினைக்காதீர்கள். செப்டம்பர் பிரைமரியில் போட்ட ஓட்டுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

நகரத் தேர்தலில் வரிசைப்படுத்தி ஐந்து பேருக்கு ஓட்டுப் போட்டோமே, இதிலும் அப்படியா?
– ஒரு வாசகர், ஜமைக்கா

இல்லை. அது மேயர், நகர மன்றம் போன்ற நகரப் பதவிகளின் பிரைமரிக்கும் இடைத்தேர்தலுக்கும் மட்டும். மாநில அசெம்பிளிக்கும் செனட்டுக்கும் ஒருவருக்கு மட்டுமே ஓட்டு. அதிகம் வாங்கியவர் ஜெயிப்பார்.

நான் குடியுரிமை பெற்று ஆறு வருடமாகிறது. கட்சி எதுவும் வேண்டாம் என்று பதிந்திருக்கிறேன். பிரைமரியில் ஓட்டுப் போடலாமா?
– ஒரு வாசகி, ஃப்ளோரல் பார்க்

முடியாது, சகோதரி. இதை எழுதும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் நான் செய்ததைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள்.

நான் திருச்சி உறையூரில் வளர்ந்தவள். அப்பா அரசு ஊழியர். வீட்டுக் கதவில் எந்தக் கட்சியின் ஸ்டிக்கரும் ஒட்டக் கூடாது என்பது அவர் சட்டம். 2009இல் இங்கே குடியுரிமை உறுதிமொழி எடுத்துவிட்டு வாக்காளர் படிவத்தை நிரப்பும்போது, கட்சி என்ற இடத்தில் என் கை தானாகவே ‘எதுவும் வேண்டாம்’ என்ற கட்டத்துக்குப் போயிற்று. அதுதான் கண்ணியம் என்று நினைத்தேன்.

2018 செப்டம்பரில் வேலை முடிந்து, மருத்துவமனைச் சீருடையுடனேயே வாக்குச்சாவடிக்குப் போனேன். அந்த மாதம் முழுவதும் இரண்டு பேரின் நிலைப்பாட்டையும் படித்து, ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மேசையில் இருந்த அம்மாள் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘நீங்கள் எந்தக் கட்சியிலும் இல்லையே, இன்று உங்களுக்கு ஓட்டு இல்லை’ என்றார். இந்த மாநிலத்தில் கட்சியில் பதிந்தவர்கள் மட்டுமே அந்தக் கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போடலாம். அப்போதிருந்த விதிப்படி கட்சியில் சேர வேண்டுமானால் 2017 அக்டோபர் 13ஆம் தேதிக்குள் சேர்ந்திருக்க வேண்டும். தேர்தலுக்குப் பதினொரு மாதம் முன்பு! அப்போது வேட்பாளர்கள் யார் என்றே யாருக்கும் தெரியாது. அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வராந்தாவில் சிறிது நேரம் நின்றிருந்தேன்.

இப்போது விதி கொஞ்சம் இளகியிருக்கிறது. ஏற்கெனவே பதிந்தவர் கட்சியில் சேரவோ மாறவோ பிப்ரவரி 14 கடைசி நாள். அதற்குப் பிறகு கொடுத்தால் ஜூன் பிரைமரி முடிந்த பின்தான் செல்லும். முதல் முறையாகப் பதிபவர்கள் மட்டும் தேர்தலுக்குப் பத்து நாள் முன்புவரை அதே படிவத்தில் கட்சியைக் குறிக்கலாம். உங்கள் வீட்டில் இந்த வருடம் 18 வயது ஆகும் பிள்ளை இருந்தால் உடனே உட்கார வைத்து நிரப்பச் சொல்லுங்கள்.

நீங்கள் இன்றே படிவத்தை அனுப்பிவிடுங்கள். இந்த ஜூனுக்கு ஆகாது, அடுத்ததற்கு ஆகும். எந்தக் கட்சி என்பது உங்கள் விருப்பம். கட்சியில் பதிவதால் சந்தா கிடையாது, கூட்டத்துக்குப் போக வேண்டிய கட்டாயம் கிடையாது. நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். அப்பா இருந்திருந்தால் இதை விளக்கிச் சொல்லியிருப்பேன், ஒப்புக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

என் மகன் ஏழாம் வகுப்பு. ஸ்டைவசன்ட் பள்ளி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறான். தேர்வையே எடுத்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு வருடமும் பயமுறுத்துகிறார்கள். மேயரிடம் முறையிட வேண்டுமா, சட்டமன்ற உறுப்பினரிடமா?
– ஒரு தாய், பெல்ரோஸ்

சட்டமன்ற உறுப்பினரிடம். ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் என்ற மூன்று அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கும் ஒரே ஒரு தேர்வை வைத்துத்தான் சேர்க்க வேண்டும் என்று 1971இல் மாநிலச் சட்டமே போட்டுவிட்டார்கள். 2018 ஜூனில் அப்போதைய மேயர் பில் டி பிளாசியோ தேர்வை நீக்க வேண்டும் என்று சொன்னபோது, அவரால் தனியாகச் செய்ய முடியாமல் ஆல்பனியின் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது. சட்டம் மாறவில்லை. செனட்டில் பெரும்பான்மை மாறிய பிறகும் மாறவில்லை. தேர்வு இன்றும் நடக்கிறது.

என் மகள் இந்தத் தேர்வு எழுதித்தான் பிராங்க்ஸ் சயின்ஸுக்குப் போனாள். பஸ், ரயில், மறுபடி நடை என்று ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். எங்களிடம் பணமோ சிபாரிசோ இல்லாதபோது அந்தத் தேர்வு ஒரு கதவாக இருந்தது. அதனால் அதை எடுத்துவிடக் கூடாது என்பதே என் எண்ணம். ஆனால் மறுபக்கத்தைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. 2019இல் ஸ்டைவசன்டில் இடம் கிடைத்த 895 பேரில் கறுப்பினப் பிள்ளைகள் ஏழு பேர். ஏழு பேர் மட்டும். என்னுடன் வேலை பார்த்த தோழியின் பையன் கெட்டிக்காரன். எட்டாம் வகுப்பு பாதி முடியும் வரை இப்படி ஒரு தேர்வு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நாம் ஐந்தாம் வகுப்பிலிருந்தே கோச்சிங் அனுப்புகிறோம்.

ஆகவே வேட்பாளரிடம் ‘தேர்வு வேண்டுமா வேண்டாமா’ என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் கூட்டத்தில் வேண்டும் என்பார், வேறு கூட்டத்தில் யோசிக்கலாம் என்பார். ‘1971 சட்டத்தைத் திருத்தும் மசோதா வந்தால் உங்கள் ஓட்டு என்ன? எல்லா நடுநிலைப் பள்ளிகளிலும் இலவசப் பயிற்சிக்கு எவ்வளவு பணம் கேட்பீர்கள்?’ என்று பொது மேடையில், பல சமூகத்தாரும் இருக்கும்போது கேளுங்கள். ஒரே பதிலை எல்லோர் முன்னாலும் சொல்பவரை நான் நம்புவேன், அந்தப் பதில் எனக்குப் பிடிக்காவிட்டாலும்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். பிடித்த வேட்பாளருக்கு ஐம்பது டாலர் அனுப்பலாமா?
– ஒரு வாசகர், லாங் ஐலண்ட் சிட்டி

அனுப்பாதீர்கள், தம்பி. குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் மட்டுமே நன்கொடை தரலாம். சம்பளமில்லாத தொண்டராகக் கதவு தட்டலாம், போன் செய்யலாம், அதற்குத் தடை இல்லை.

கிரீன் கார்டு வந்த பிறகு அதே ஐம்பது டாலருக்கு இங்கே மதிப்பு அதிகம். 2024 தேர்தலிலிருந்து மாநிலத்தில் பொது நிதித் திட்டம் நடக்கிறது. சட்டமன்ற வேட்பாளர் அதற்குத் தகுதி பெற்றிருந்தால், அவருடைய தொகுதிக்குள் வசிப்பவர் தரும் முதல் 50 டாலருக்கு மாநிலம் 12 மடங்கு சேர்த்துத் தருகிறது. அதாவது 600 டாலர். அதற்கு மேல் 250 டாலர் வரை மடங்கு கொஞ்சம் குறையும்.

இரண்டு குடும்ப வீடு வாங்கி மேல் மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாடகைதாரர் சட்டம் என்று பேசுகிற வேட்பாளர்கள் எல்லாம் என் போன்றவர்களுக்கு எதிரிகள் இல்லையா? எப்படி அவர்களை ஆதரிக்கிறீர்கள்?
– ஒரு வாசகர், ரிச்மண்ட் ஹில்

கோபம் புரிகிறது. இந்த வீட்டுக்காக நீங்கள் இரண்டு வேலை பார்த்திருப்பீர்கள். மேல் மாடி வாடகை வராவிட்டால் தவணை கட்ட முடியாத மாதமும் இருக்கும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். காரணமில்லாமல் குடித்தனக்காரரை வெளியேற்றக் கூடாது என்பதுதான் ‘குட் காஸ்’ சட்டம். அதை முன்வைத்தவர் புரூக்ளின் செனட்டர் ஜூலியா சலாசர். 2018 பிரைமரியில் பல வருடம் பதவியில் இருந்த மார்ட்டின் டிலானைத் தோற்கடித்து வந்தவர். வாடகைதான் அவருடைய பிரசாரத்தின் மையம். அவர் முதலில் கொண்டுவந்த மசோதாவில் வருட உயர்வு 3 சதவீதத்தையோ விலைவாசி உயர்வின் ஒன்றரை மடங்கையோ தாண்டினால் கேள்வி கேட்கலாம் என்று இருந்தது. ஐந்து வருட இழுபறிக்குப் பிறகு 2024 ஏப்ரலில் பட்ஜெட்டோடு நிறைவேறியது வேறு மாதிரி. விலைவாசி உயர்வுடன் 5 சதவீதம் சேர்த்து வருவது, அல்லது 10 சதவீதம், இதில் எது குறைவோ அதுதான் இப்போது எல்லை. உங்களுக்கு முக்கியமானது இது: மொத்தம் பத்து வீடுகளுக்கு மேல் இல்லாத சிறு உரிமையாளருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே குட் காஸ் உங்கள் மேல் மாடியைத் தொடவில்லை.

2019 சட்டத்தில் சில பகுதிகள் உங்களுக்கும் பொருந்தும். டெபாசிட் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த 14 நாளுக்குள் கணக்குக் காட்டித் திருப்பித் தர வேண்டும். வாடகையை 5 சதவீதமோ அதற்கு மேலோ உயர்த்தினால் குடியிருக்கும் காலத்தைப் பொறுத்து 30, 60 அல்லது 90 நாள் முன்னறிவிப்பு. இவை நியாயமில்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?

நான் பதினொரு வருடம் வாடகை வீட்டில் இருந்தவள். 1990களின் கடைசியில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாத டெபாசிட் கொடுத்தோம். காலி செய்தபோது சுவரில் ஆணி அடித்தோம், அடுப்பில் மஞ்சள் கறை என்று சொல்லி வீட்டுக்காரர் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டார். மகளுக்கு அப்போது எட்டு மாதம். அந்தப் பணத்தை நம்பித்தான் அடுத்த வீட்டுக்கு முன்பணம் சொல்லியிருந்தோம். என் கணவர் இரண்டு சக ஊழியர்களிடம் கைமாற்று வாங்கி வந்தார். இன்று எனக்கும் சொந்த வீடு இருக்கிறது. அந்த மாதத்தை மறந்துவிட்டு ஓட்டுப் போட என்னால் முடியாது.

உங்கள் குறை வேறு இடத்தில் நியாயமாக இருக்கிறது. வாடகையே தராதவர் மீதான வழக்கு நீதிமன்றத்தில் மாதக் கணக்கில் இழுக்கிறது. அதற்கு யார் என்ன செய்வார் என்று வேட்பாளர்களிடம் கேளுங்கள். வாடகைதாரர் பக்கம் பேசுகிறவரிடம் முக்கியமாகக் கேளுங்கள். நீதிபதிகளைக் கூட்டுவாரா, சிறு உரிமையாளருக்கு நிவாரண நிதி கேட்பாரா? நீங்கள் கேட்காவிட்டால் உங்களைப் போன்றவர்கள் இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகும்.

அம்மாவுக்கு 78 வயது, குடியுரிமை உண்டு. ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஓட்டுச் சீட்டில் தமிழ் இல்லை. கூட்டிப்போய்ப் பயன் உண்டா?
– ஒரு மகள், ஃப்ளஷிங்

கட்டாயம் கூட்டிப் போங்கள். படிக்க முடியாத வாக்காளர் தனக்குப் பிடித்த ஒருவரை உதவிக்கு உள்ளே அழைத்துப் போகலாம் என்று மத்திய வாக்குரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ மட்டும் கூடாது. மகள் தாராளமாகப் போகலாம். மேசையில் இருப்பவர் தயங்கினால் மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

என் மாமியாரை நான் அப்படித்தான் கூட்டிப் போவேன். போவதற்கு முந்தின இரவு வேட்பாளர் ஒவ்வொருவர் சொல்வதையும் தமிழில் சொல்லிவிடுவேன். என் விருப்பத்தைச் சொல்ல மாட்டேன். ஒரு தடவை எனக்குப் பிடிக்காதவர் பெயர்மேல் அவர் விரல் வைத்தார். அந்த வட்டத்தைத்தான் நிரப்பினேன். முன்கூட்டி வாக்களிக்கும் ஒன்பது நாட்களில் ஒரு காலை வேளையாகப் பார்த்துப் போனால் கூட்டம் இருக்காது, முழங்கால் வலிக்காரர்களுக்கு நல்லது.

பிரைமரியில் பேசிய பேச்சு எதுவாவது ஜெயித்த பிறகு நடந்திருக்கிறதா? உண்மையைச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், எடிசன், நியூஜெர்சி

நடந்திருக்கிறது. பாதியில் நின்றும் இருக்கிறது.

2020 ஜூனில் ஆஸ்டோரியா அசெம்பிளித் தொகுதியில் சொரான் மம்தானி என்ற இளைஞர், பத்து வருடமாகப் பதவியில் இருந்த அரவெல்லா சிமோட்டாஸை எதிர்த்தார். சிமோட்டாஸ் ஒன்றும் மோசமான உறுப்பினர் அல்ல. தபால் ஓட்டுகளை எண்ணி முடிக்கவே வாரக்கணக்கில் ஆனது. கடைசியில் வித்தியாசம் ஐநூறு ஓட்டுக்கும் குறைவு. எங்கள் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருகிற கூட்டம்தான் அது. ஆல்பனி போன பிறகு மம்தானி இலவசப் பஸ்ஸுக்காகப் பாடுபட்டார். 2023 செப்டம்பரில் நகரத்தின் ஐந்து பெரும்பகுதிகளிலும் ஒவ்வொரு தடத்தில் டிக்கெட் இல்லாமல் பஸ் ஓடியது. குயின்ஸில் அது கியூ4. என்னுடன் இரவுப் பணி பார்க்கும் பெண் அதில்தான் வருவாள், வாரத்துக்கு மிச்சமாகும் பணத்தை எண்ணிச் சொல்வாள். சுமார் ஒரு வருடத்தில் நீட்டிப்பு கிடைக்காமல் நின்றுபோயிற்று. அதே மனிதர் 2025இல் நகரத்தின் மேயராகத் தேர்வாகி, அந்தப் பேச்சை மறுபடி எடுத்திருக்கிறார். பார்ப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ஐ.டி.சி. குழுவில் இருந்தவர் குயின்ஸின் ஹொசே பெரால்ட்டா. ஆவணமில்லாத மாணவர்களுக்கான உதவித்தொகை மசோதாவை வருடக் கணக்கில் சுமந்தவர் அவர்தான். மனதார நம்பியே சுமந்தார். ஆனால் எந்தக் கூட்டணியில் போய் உட்கார்ந்தாரோ அதனாலேயே 2018 பிரைமரியில் ஜெசிகா ராமோஸிடம் தோற்றார். அந்த நவம்பரிலேயே, 50 வயதுகூட ஆகாமல், இறந்தும் போனார். இரண்டு மாதம் கழித்து மசோதா நிறைவேறியது. அந்தச் சட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். நிலைப்பாடு நல்லதாக இருந்தும் அதை நிறைவேற்றும் இடத்தில் தன்னை வைத்துக்கொள்ளாத ஒருவரின் கதை இது. அவரை நினைத்தால் எனக்குக் கோபமும் வருகிறது, துக்கமும் வருகிறது.

இந்த முறை உங்கள் ஓட்டு யாருக்கு?
– பல வாசகர்கள்

கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன் என்பதற்காக ஓட்டும் அவருக்கே என்று முடிவு செய்துவிடவில்லை, அதை அவரிடமும் சொல்லிவிட்டேன். மூன்று பேருக்கும் ஒரே கடிதம் அனுப்பியிருக்கிறேன். வாடகை வழக்குத் தாமதம், பள்ளித் தேர்வு, அவைத் தலைவர் ஓட்டு, மூன்றைப் பற்றியும் ஒவ்வொரு பத்தி எழுதித் தரச் சொல்லி. இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். மூன்றாமவர் அலுவலகத்திலிருந்து ஒரு நோட்டீஸ்தான் வந்தது. நேற்று மறுபடி போன் செய்தேன். வியாழக்கிழமை மாலை நூலகத்தில் மூவரும் பேசுகிறார்கள், நேரில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். முன்வரிசையில் இடம் பிடிக்க ஐந்தரைக்கே போய்விடுவேன்.